நாரிச் சத்திரசிகிச்சையில் அயடீன் கழுவல்: விசுவமடுவிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

விசுவமடுவிலிருந்து ஒரு மகள் எழுதிக் கேட்டிருக்கிறார். வயல் செய்கிற அவருடைய தந்தைக்கு 61 வயது. நாரிப் பகுதியில் முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கிப்போனதால் கிணற்றடிக்கு நடந்து போவதற்குள் இரண்டு தரம் குந்தியிருந்து எழும்ப வேண்டிய நிலை. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை. திருகாணியும் கம்பியும் பொருத்துவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அயலில் ஒருவருக்கு இதே சத்திரசிகிச்சைக்குப் பிறகு காயத்தில் சிதல் பிடித்து, திரும்பவும் திறந்து கழுவி, மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடக்க நேர்ந்ததால் வீட்டில் எல்லோருக்கும் பயம். ‘காயத்தை மூடுவதற்கு முன் உள்ளே அயடீன் மருந்து விட்டுக் கழுவினால் கிருமி வராது’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, நரம்பை எரித்துவிடாதா, ஒரு போத்தல் வாங்கி நாங்களே கொடுத்துவிடலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. சத்திரசிகிச்சைக்கூடத்தில் தாதிய உத்தியோகத்தராகவும், பின்னர் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பேச்சில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. சரியான அளவுக்கு ஐதாக்கி, சரியான நேரம் மட்டும் வைத்து, பிறகு கழுவி எடுத்தால் நரம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. போத்தல் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

முதலில் கிருமி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிதல் பிடித்ததும் நம் ஆட்கள் வைத்தியசாலைக் கட்டிலையும் அடுத்த கட்டில் நோயாளியையும்தான் குறை சொல்வார்கள். முள்ளந்தண்டுக் காயத்தில் வளரும் பற்றீரியாக்களில் முதலிடம் ஸ்டபிலோகொக்கஸ் ஒரியஸுக்கு. அதற்கு அடுத்ததாக அதே குடும்பத்தைச் சேர்ந்த, எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிகள் வருகின்றன. பெரும்பாலான நேரங்களில் அவை நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருபவை. தோலின் மேற்பரப்பை எவ்வளவு மருந்து பூசித் துடைத்தாலும், மயிர்க்கால்களின் அடியில் இருப்பவை தப்பிக் கிடக்கும். கத்தி உள்ளே போனதும் அவை வெட்டு வாயில் சிந்தும். கூடத்துக் காற்றில் மிதந்து வந்து விழுபவை வேறு.

சிந்துகிற எல்லாக் கிருமியும் நோயாக மாறுவதில்லை, உடம்பு சமாளித்துவிடும். ஆனால் உள்ளே ஓர் அந்நியப் பொருள் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. 1957 இல் இங்கிலாந்தில் தொண்டர்களின் தோலில் செய்த ஒரு பரிசோதனையில், வெறும் தோலுக்குள் சிதல் உண்டாக்க இந்த ஸ்டபிலோகொக்கஸ் பத்து இலட்சக்கணக்கில் தேவைப்பட்டது. ஒரு பட்டுத் தையல் நூலோடு சேர்த்து வைத்தபோது சில நூறே போதுமாக இருந்தது. ஒரு நூலுக்கே அப்படியென்றால், உங்கள் அப்பாவின் நாரியில் வைக்கப்போகும் திருகாணிகளையும் கம்பிகளையும் யோசித்துப் பாருங்கள். கிருமி உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிவிட்டால், ஊசி மருந்து அதற்குள் ஊடுருவுவது மிகக் கடினம். ஆகவே அது ஒட்டுவதற்கு முன், காயம் இன்னும் திறந்திருக்கும்போதே, எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும். கழுவுவதன் நோக்கம் அவ்வளவுதான்.

இனி அயடீனுக்கு வருவோம். கடையில் ‘பெற்றடீன்’ என்று கேட்டால் தருகிற கபில நிறத் திரவம் பொவிடோன் அயடீன். அதன் வழக்கமான செறிவு 10 வீதம். இதில் அயடீன் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறில் கட்டுண்டு இருக்கிறது. கிருமியைக் கொல்வது கட்டுண்ட அயடீன் அல்ல, அதிலிருந்து விடுபட்டுத் திரியும் அயடீன். விசித்திரம் என்னவென்றால், போத்தலில் இருக்கும் கெட்டிக் கரைசலில் விடுபட்ட அயடீன் குறைவு. தண்ணீர் சேர்க்கச் சேர்க்கக் கட்டுத் தளர்ந்து விடுபட்ட அயடீன் கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ 0.1 வீதச் செறிவில் உச்சத்தைத் தொடுகிறது. அதனால் ஐதான கரைசல் கெட்டிக் கரைசலை விட வேகமாகக் கிருமியைக் கொல்லும். ‘மருந்து கடுமையாக இருந்தால்தான் கேட்கும்’ என்று வளர்ந்த எங்களுக்கு இதை நம்ப நெடுங்காலம் எடுத்தது. அப்படியானால் 0.1 வீதத்திலேயே கழுவலாமே என்று கேட்பீர்கள். அவ்வளவு ஐதாக்கினால் கையிருப்பு அயடீன் மிகக் குறைந்துவிடும். காயத்தில் ஊறும் இரத்தமும் கொழுப்பும் அதை உடனே விழுங்கித் தீர்த்துவிடும். வேகமும் இருக்க வேண்டும், கையிருப்பும் இருக்க வேண்டும் என்பதற்காக முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் அதிகம் ஆராயப்பட்ட செறிவு 0.35 வீதம்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கிட்ட நின்று பார்த்தால்தான் விளங்கும். 10 வீதக் கரைசலில் 35 மில்லிலீற்றரைக் கிருமிநீக்கிய சிறிஞ்சால் அளந்து எடுத்து, சேலைன் சேர்த்து மொத்தம் ஒரு லீற்றராக்குவோம். ‘கொஞ்சம் விடு, நிறம் வரட்டும்’ என்கிற கண்ணளவு இங்கே சரிவராது. கலந்து முடிந்ததும் கிண்ணத்தில் பார்த்தால் சாயம் ஏறிய வெறுந்தேத்தண்ணி போல இருக்கும். அதற்கு முன் காயத்தை வெறும் சேலைனால் கழுவி, உறைந்த இரத்தத்தையும் எலும்புத் துகளையும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அயடீன் கிருமியைத் தேடாமல் இரத்தத்தோடு மல்லுக்கட்டும். பிறகு வெட்டு வாய் நிரம்புமட்டும் ஊற்றி 3 நிமிடம் விடுவோம். கூடத்தில் 3 நிமிடம் என்பது மிக நீளமான நேரம். நிபுணர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், மயக்க மருந்து வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. ஒன்றரை நிமிடத்திலேயே ‘காணும்’ என்று சொல்லத் தோன்றும், சொல்லக்கூடாது. அந்த நேரத்துக்குள் தேத்தண்ணி நிறம் வெளிறிப்போனால் அயடீன் செலவாகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி புதிதாக ஊற்ற வேண்டும். 3 நிமிடம் முடிந்ததும் உறிஞ்சி எடுத்துவிட்டு, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய சேலைனால் தாராளமாகக் கழுவுவார்கள். எலும்பு சேர்வதற்காக வைக்கும் எலும்புத் துண்டுகளை இதற்குப் பிறகு வைப்பதே நல்லது, ஏனெனில் எலும்பை வளர்க்கும் கலங்களுக்கு அயடீன் பகை என்பது ஆய்வுகூடத்தில் தெளிவாகத் தெரிந்த விடயம்.

ஊற்றும் திரவம் எது என்பதிலும் கவனம் வேண்டும். பல வருடங்களுக்கு முன், நான் அப்போது வேலை செய்த ஓர் இடத்தில், கிண்ணத்தில் கலந்துகொண்டிருந்த இளம் தாதி ஒருவர் கரண்டியால் கிளறியபோது மேலே நுரை கட்டியது. அயடீன் கரைசலில் நுரை கட்டக்கூடாது. போத்தலைத் திருப்பிப் பார்த்தால், அது கை கழுவுவதற்கான, சவர்க்காரம் சேர்ந்த 7.5 வீதப் பொவிடோன் அயடீன். இரண்டு போத்தல்களும் ஒரே கபிலம், ஒரே அளவு, ஒரே தட்டு. அந்தச் சவர்க்காரம் முள்ளந்தண்டு வடத்தின் பக்கத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அன்றைக்கே அந்தப் போத்தல்களைக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வேறாக வைத்தோம். அற்ககோல் சேர்ந்த தோல் மருந்துக்கும் இதே தடை உண்டு: உள்ளே போவது தண்ணீரில் கரைந்த, வேறொன்றும் சேராத, கிருமிநீக்கிய கரைசலாக மட்டுமே இருக்க வேண்டும். கிருமிநீக்கி மருந்துக்குள்ளேயே கிருமி இருக்குமா என்று கேட்காதீர்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலையிலிருந்து வந்த பொவிடோன் அயடீன் போத்தல்களுக்குள்ளேயே ஒருவகைப் பற்றீரியா உயிரோடு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வாட்டில் திறந்து பல நாள் வைத்த போத்தல் கூடத்துக்குள் வரவே கூடாது.

நரம்பை எரிக்குமா என்ற கேள்வி நியாயமானது. நரம்புகளையும் முள்ளந்தண்டு நீரையும் சுற்றித் தடித்த உறை ஒன்று இருக்கிறது. அந்த உறை முழுதாக இருக்கும்வரை, ஐதான அயடீன் அதன் வெளிப்பக்கத்தில் 3 நிமிடம் இருந்துவிட்டுக் கழுவுப்படுவதால் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாக இந்த முறையை ஆராய்ந்த ஆய்வுகளில் காணப்படவில்லை. உறை கிழிந்திருந்தால் அயடீனை விடக்கூடாது; உறைக்குள் போனால் அது நரம்புக்கு நஞ்சு. முதுமையில் கால்வாய் ஒடுங்கியவர்களுக்கு உறை எலும்போடு ஒட்டிப்போயிருப்பதால், திறமையான கையிலும் சிலவேளை கிழிவு ஏற்படும். அப்படி நடந்தால் நிபுணர் வெறும் சேலைனோடு நிறுத்திக்கொள்வார். அது கவனக்குறைவு அல்ல, சரியான முடிவு. தைரொயிட் வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அயடீனும் ஒத்துக்கொள்ளாது என்பது பிழையான நம்பிக்கை. அந்த ஒவ்வாமை அவற்றின் புரதத்தால் வருவது, அயடீனால் அல்ல. ஆனால் பெற்றடீன் பூசித் தோல் தடித்துச் சிவந்த அனுபவம் முன்பு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எவ்வளவு பலன் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2005 இல் தாய்வானிலிருந்து வெளியான ஆய்வு ஒன்றில் 414 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 0.35 வீத அயடீனை 3 நிமிடம் வைத்துக் கழுவினார்கள், மற்றவர்களுக்கு வெறும் சேலைன். அயடீன் பக்கத்தில் ஒருவருக்கும் தொற்று இல்லை. சேலைன் பக்கத்தில் ஏழு பேருக்கு. கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் ஏழு என்பது சிறிய எண். ஒரே இடத்தில் செய்த ஆய்வு என்பதையும் மறக்கக்கூடாது. உலக சுகாதார அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலில், காயத்தை மூடுமுன் தண்ணீரில் கரைந்த பொவிடோன் அயடீனால் கழுவுவதைப் பரிசீலிக்கலாம் என்று நிபந்தனையுடன் சொன்னது; அன்ரிபயோற்றிக் கரைசலால் கழுவ வேண்டாம் என்றும் சொன்னது. பிரித்தானியாவின் 2019 வழிகாட்டலோ, மூடுமுன் காயத்தில் கிருமிநீக்கி இடுவதை ஆய்வுகளுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பெரியவர்களே ஒத்துப்போகாத இடம் இது. செலவு சொற்பம், ஒழுங்காகச் செய்தால் ஆபத்து மிகக் குறைவு, திருகாணி வைக்கும் நீண்ட சத்திரசிகிச்சைகளில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் நான் அயடீன் பக்கம். ஆனாலும் அதைச் செய்யாத நிபுணரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடி ஓடும் அளவுக்கு அது பெரிய விடயம் அல்ல.

மற்றத் திரவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளோர்ஹெக்சிடீன் தோலுக்கு மிக நல்ல மருந்து, நரம்புக்கு ஆகாது. அதை வெளியே வைத்துக்கொள்வது நல்லது. ஐதரசன் பெரொக்சைட்டு பொங்கிப் பொங்கி அழுக்கை வெளியே தள்ளுவது கண்ணுக்கு நன்றாக இருந்தாலும், ஆழமான காயத்தில் அந்த வாயு இரத்தக் குழாய்க்குள் போய் உயிரையே பறிக்கக்கூடும். காயத்தில் வன்கோமைசின் என்ற அன்ரிபயோற்றிக் தூளைத் தூவுவது சில காலமாகப் பரவியிருக்கும் வழக்கம். கோயம்புத்தூரில் 907 நோயாளிகளில் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், தூவாதவர்களில் 1.68 வீதமும் தூவியவர்களில் 1.61 வீதமும் தொற்று. அதாவது வித்தியாசம் இல்லை. ஊசி மருந்தும் சத்திரசிகிச்சைக்கூடத்து ஒழுக்கமும் சரியாக இருக்கும் இடத்தில் மேலதிகமாக ஒன்றைச் சேர்ப்பதால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அது நல்ல பாடம்.

ஏனெனில் அயடீனை விட உறுதியான ஆதாரம் உள்ளவை வேறு. அன்ரிபயோற்றிக் ஊசி தோலில் கத்தி படுவதற்கு முந்திய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும், வழக்கமாகக் கொடுக்கும் செஃபசோலின் என்றால் 4 மணித்தியாலத்தைத் தாண்டும்போது இன்னொரு தரம் கொடுக்க வேண்டும். தசையை விலக்கிப் பிடிக்கும் கருவியை இடைக்கிடை தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் ஓடாத தசை செத்துக் கிருமிக்குச் சாப்பாடாகும். திருகாணியைத் தொடுமுன் கையுறையை மாற்றுவது, தேவைப்படும்வரை அதைத் திறந்து வைக்காமல் இருப்பது, கதவைச் சும்மா திறந்து திறந்து பார்க்காமல் இருப்பது ஆகியவை எங்கள் பொறுப்பு.

உங்கள் பொறுப்பு வீட்டில் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் கையில் இருக்கிறது. அப்பாவுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்வியுங்கள்; அது 8 வீதத்தைத் தாண்டியிருந்தால் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்துச் சீனியைக் கட்டுப்படுத்தச் சொல்லும் நிபுணர்கள் பலர். சுருட்டோ பீடியோ குடிப்பவரானால் இன்றைக்கே நிறுத்தட்டும், நாலு கிழமை இடைவெளி காயம் ஆறுவதில் தெரியும். வயலில் நின்று காலிடுக்கில் வந்த சேற்றுப்புண், முதுகில் கொப்புளம், சலக்கடுப்பு, சொத்தைப்பல் எது இருந்தாலும் முன்பே காட்டி மாற்றிவிட வேண்டும். முதல்நாள் இரவும் அன்று காலையும் சவர்க்காரம் போட்டு முழுகவார்த்து, தோய்த்துக் காயவைத்த உடுப்பு உடுத்தி அனுப்புங்கள். ‘வைத்தியசாலையில் வெட்கமாக இருக்கும்’ என்று வீட்டிலேயே சவர அலகால் முதுகு மயிரை வழித்துவிடுவார்கள். அதைச் செய்யவே வேண்டாம். அலகு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவோடு இரவாகக் கிருமி குடியேறும். இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன்: திகதிக்கு முன்பே சலம், மலம் போவது தெரியாமல் போனாலோ, இருக்கும் இடம் மரத்துப்போனாலோ மேற்சொன்ன எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கிளிநொச்சிக்காவது கொண்டுபோய்விடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். காயம் பட்டவருக்குக் ‘கிரந்தி’ என்று சொல்லி முட்டை, இறால், மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி, சோறும் சொதியுமாக ஆறு கிழமை வைத்திருக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் போகவில்லை. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பிளந்த தசை ஒட்டுவதும் கிருமியோடு போராடும் கலங்கள் பெருகுவதும் புரதத்தால். தினம் ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், பருப்பு, பயறு என்று அப்பாவுக்கு இப்போதிருந்தே கொடுங்கள். பெரியம்மாமார் வந்து ஏசினால் வைத்தியர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டை நனையாமலும் அழுக்குப் படாமலும் வைத்திருங்கள். நாரிக் காயம் ஆசனவாய்க்குக் கிட்ட இருப்பதால் கழுவும் தண்ணீர் மேலே தெறித்துக் கட்டு ஊறிவிடுவது உண்டு. அப்படி நடந்தால் நாளைக்கு என்று விடாமல் அன்றே மாற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இரத்தநீர் கசிவது வழமை. குறைந்துகொண்டு வந்த நோ பத்தாம், பதினைந்தாம் நாளில் திரும்பக் கூடுவது, நின்ற கசிவு மறுபடி தொடங்குவது, தையலைச் சுற்றிச் சிவந்து சூடாவது, காய்ச்சலோ குளிரோ வருவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கே திரும்பிப் போக வேண்டும். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். ஆழத்தில் இருக்கும் தொற்றுப் பலருக்குக் காய்ச்சலே தராது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இறங்கியது திரும்ப ஏறினால் அங்கே ஏதோ நடக்கிறது.

வன்னியில் நான் அதிகம் கண்ட தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. கசிவு கண்டதும், யாழ்ப்பாணம் தூரம், முச்சக்கரவண்டிக்குக் காசு, அறுவடை நேரம் என்று, பக்கத்துக் கடையில் ஐந்து நாளுக்கு அன்ரிபயோற்றிக் குளிசை வாங்கிப் போடுவார்கள். கசிவு நின்றுவிடும். ஆழத்தில் உலோகத்தைச் சுற்றியிருக்கும் கிருமி சாகாது. பிறகு நிபுணர் திறந்து மாதிரி எடுத்து அனுப்பினால், அரைகுறை மருந்தால் எதுவும் வளராமல், எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியாமல் தடுமாற வேண்டி வரும். உங்கள் அயலவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேரத்தோடு திறந்து கழுவினால் பெரும்பாலும் திருகாணிகளை எடுக்காமலே தொற்றை மாற்றலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

போத்தலைப் பொறுத்தவரை, கூடத்துக்குள் போகும் எந்தத் திரவமும் வைத்தியசாலையின் கையிருப்பிலிருந்து, திறக்காமல், திகதி பார்த்து வர வேண்டும். வெளியிலிருந்து கொண்டு வந்ததைப் பொறுப்பான எந்தத் தாதியும் வாங்கி ஊற்றமாட்டார். கிளினிக்கில் நிபுணரைக் காணும்போது, ‘ஐயா, மூடுமுன் காயத்தை எதனால் கழுவுவீர்கள்? அப்பாவுக்குப் பெற்றடீன் பூசி ஒருமுறை தோல் தடித்தது’ என்றோ, ‘அவருக்குத் தைரொயிட் குளிசை நடக்கிறது’ என்றோ, உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று தயங்க வேண்டாம். அப்படியே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு, கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.